கத்தி சுருங்கிய கதை

மார்பில் ஒரு கட்டி. சுண்டைக்காய் அளவு. வலி கிடையாது, காய்ச்சல் கிடையாது. குளிக்கும்போது கையில் தட்டுப்படுகிறது. அவ்வளவுதான்.

நம் ஊர்ப் பெண்கள் பலர் என்ன செய்வார்கள்? ஒன்றும் செய்ய மாட்டார்கள். பொங்கல் போகட்டும், பையனுக்குப் பரீட்சை முடியட்டும், பெண்ணுக்குக் கல்யாணம் ஆகட்டும். வலிக்காத ஒரு விஷயத்துக்கு யாராவது லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போவார்களா?

வலிக்கவில்லை என்பது வெளியே சொல்லும் காரணம். வெளியே சொல்லாத காரணம் பயம். டாக்டரிடம் போனால் மார்பை எடுக்கவேண்டும் என்பார். எடுத்தால் கை வீங்கும். குடம் தூக்க முடியாது. வேலைக்குப் போக முடியாது. நாற்பது, ஐம்பது வருஷத்துக்கு முன்னால் சொந்தத்தில் ஒரு பெரியம்மாவுக்கு அப்படித்தான் ஆனது.

அந்தப் பெரியம்மா பட்ட பாடு நிஜம். சந்தேகமே இல்லை. ஆனால் உலகமெங்கும் அந்தக் கால சர்ஜன்கள் கற்றுக்கொண்டு செய்த ஆபரேஷன், இன்றைக்கு அநேகமாக யாருக்குமே செய்யப்படுவதில்லை. பெயர் என்னவோ அதே மாஸ்டெக்டமிதான். உள்ளே நடப்பது வேறு. நடுவில் ஒரு யுத்தமே நடந்து முடிந்துவிட்டது. நமக்குத்தான் சேதி வந்து சேரவில்லை. பழைய ஆபரேஷனுக்குப் பயந்துகொண்டு புதிய ஆபரேஷனைத் தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கிறோம்.

இந்தக் கதையை முக்கியமாகத் தெரிந்துகொள்ளவேண்டியவர்கள் ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் பக்கத்தில் இருக்கிறார்கள். அந்த ரோட்டில் ஒருதரம் போய்ப் பாருங்கள். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உருண்டு வெளியே வந்தது. 2006-ல் நோக்கியா வந்தது. (2014-ல் மூடிவிட்டுப் போனது தனிக்கதை.) 2010-ல் ஒரகடத்தில் ரெனோ - நிஸான். சுங்குவார்சத்திரம் பக்கம் ஃபாக்ஸ்கான். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர்களுக்கென்று சிப்காட் ஒரு விடுதியைத் திறந்தது. எத்தனை பேர் தங்கலாம் தெரியுமா? 18,720 பேர்! நம்மூரில் பல பேரூராட்சிகளின் ஜனத்தொகையே அவ்வளவுதான்.

அந்தப் பிரதேசம் முழுக்கக் கையால் ஓடுகிறது. ஸ்க்ரூ முடுக்குகிற கை, சர்க்யூட் போர்டு பொருத்துகிற கை, கேண்டீனில் அண்டா தூக்குகிற கை. இந்தப் பெண்களில் பெரும்பாலோர் இருபதுகளில் இருக்கிறார்கள். அந்த வயதில் மார்பகப் புற்றுநோய் அபூர்வம். ஆனால் மாதாமாதம் அவர்கள் பணம் அனுப்புகிறார்களே, அந்தத் திசையில் ஒரு அம்மா இருக்கிறார். திருவண்ணாமலையிலோ, விழுப்புரத்திலோ. வயது நாற்பத்தைந்து, ஐம்பது. கவனிக்கவேண்டிய வயது அதுதான். அவருக்கும் கைதான் பிழைப்பு.

2022-ம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் சுமார் 1 லட்சத்து 92 ஆயிரம் பெண்களுக்குப் புதிதாக மார்பகப் புற்றுநோய் வந்தது என்பது சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையின் மதிப்பீடு. அதே வருஷம் இறந்தவர்கள் சுமார் 98 ஆயிரம். வந்தவர்களுக்கும் போனவர்களுக்குமான இந்த விகிதம்தான் இடிக்கிறது. தாமதமாக வருவது இதற்கு மிகப்பெரிய காரணம். தாமதத்துக்குக் காரணம் பயம்.

ஆக, மார்பகத்தை எடுத்தால் கை என்ன ஆகும்? வேலை என்ன ஆகும்? நியாயமான கேள்வி. பதில் சொல்லக் கொஞ்சம் பின்னால் போகவேண்டும். பாரீஸ் வரைக்கும்.

*

1811, செப்டம்பர் 30. ஃபேனி பர்னி என்கிற இங்கிலாந்து நாவலாசிரியைக்கு அப்போது வயது 59. கணவர் பிரெஞ்சுத் தளபதி என்பதால் பாரீஸில் இருந்தார். மார்பில் கட்டி. நெப்போலியனின் படை சர்ஜன் லாரேதான் டாக்டர். ஆபரேஷன் என்றைக்கு என்று முன்கூட்டிச் சொன்னால் பயந்துவிடுவார் என்று, இரண்டு மணி நேரத்துக்கு முன்னால்தான் தகவல் சொன்னார்கள். கறுப்பு உடையில் ஏழு ஆண்கள் வீட்டுக்குள் வந்தார்கள்.

மயக்க மருந்து? உலகத்தில் அதற்கு இன்னும் முப்பத்தைந்து வருஷம் இருந்தது. கொஞ்சம் ஒயின் கொடுத்தார்கள். முகத்தில் ஒரு மெல்லிய கைக்குட்டையைப் போட்டார்கள். அதன் வழியாகக் கத்தியின் பளபளப்பு தெரிந்தது என்று பிற்பாடு தன் அக்காவுக்கு எழுதிய கடிதத்தில் விவரித்தார் பர்னி. அந்த ஒரு கடிதத்தை எழுதி முடிக்க அவருக்குப் பல மாதங்கள் ஆயின. எழுதியதைத் திரும்பப் படிக்கவே முடியவில்லை, பாவம்.

ஆனால் பிழைத்தார். அதற்குப் பிறகு 28 வருஷம் வாழ்ந்து, 1840-ல்தான் இறந்தார். அது புற்றுநோய்தானா, சாதாரணக் கட்டியா என்று ஆராய்ச்சியாளர்கள் இன்றும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

வேடிக்கை என்னவென்றால், மயக்க மருந்து உண்மையில் அப்போதே இருந்தது. ஜப்பானில்! ஹனாவோகா செய்ஷு என்று ஒரு மருத்துவர். நம் ஊர் வேலியோரம் முளைக்கிறதே ஊமத்தை, அந்த இனச் செடியை வைத்துப் பல வருஷம் பரிசோதித்து ஒரு கஷாயம் தயாரித்தார். சோதனைக்குத் தன்னைக் கொடுத்த அவருடைய மனைவிக்குக் கண் பார்வையே போனது என்பார்கள். 1804 அக்டோபரில், 60 வயதுப் பெண் ஒருவருக்கு அந்த மருந்தைக் கொடுத்துத் தூங்கவைத்து, மார்பகக் கட்டியை எடுத்தார். ஆனால் ஜப்பான் அப்போது கதவைச் சாத்திக்கொண்டிருந்த தேசம். பாரீஸுக்கு அந்தச் சேதி போகவில்லை. பர்னி கத்தியை நேருக்கு நேர் சந்திக்கவேண்டியதாயிற்று.

1846-ல் அமெரிக்காவின் பாஸ்டனில் ஈதர் வந்தது. 1867-ல் லிஸ்டர், காயத்தில் சீழ் பிடிக்காமல் தடுக்கும் வித்தையைச் சொல்லிக் கொடுத்தார். வலி போயிற்று. சீழும் குறைந்தது. அதுவரை சர்ஜனின் ஒரே திறமை வேகம். இப்போது வேகம் தேவையில்லை. நிதானமாக, எவ்வளவு ஆழம் வேண்டுமானாலும் வெட்டலாம்.

வினை அங்கேதான் ஆரம்பித்தது.

*

வில்லியம் ஸ்டீவர்ட் ஹால்ஸ்டெட். அமெரிக்கர். பால்டிமோர் நகரத்தின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியில் பிரசித்தி பெற்ற சர்ஜன். ஆபரேஷன் தியேட்டரில் ரப்பர் கிளவுஸ் போடுகிறார்களே, அந்த வழக்கம் அவரிடம்தான் தொடங்கியது. கிருமிநாசினி பட்டு ஒரு நர்ஸின் கை புண்ணாகிறதே என்று பரிதாபப்பட்டு ஸ்பெஷலாகச் செய்து வாங்கிக் கொடுத்தார். பிறகு அந்த நர்ஸையே கல்யாணமும் செய்துகொண்டார். கெட்டிக்காரர். கவனமானவர். வில்லன் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடவேண்டும்.

அவர் கண்ட பிரச்னை இது. மார்பகத்தை எடுத்த பிறகும் அதே இடத்தில் மறுபடி புற்று முளைத்தது. ஐரோப்பாவின் பெரிய பெரிய டாக்டர்களின் நோயாளிகளிலேயே பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு அப்படித்தான். ஹால்ஸ்டெட் யோசித்தார். புற்று ஒரு செடி மாதிரி. வேர் விட்டு, மெதுவாக, வரிசையாக, வெளிப்பக்கமாகப் பரவுகிறது. ஒரு துணுக்கு வேர் மிச்சமிருந்தாலும் திரும்ப முளைக்கும். அப்படியானால் வேரோடு எடுத்துவிடவேண்டியதுதான்.

1882-ல் தொடங்கினார். மார்பகம், அதன் அடியில் இருக்கும் நெஞ்சுத் தசைகள், அக்குளில் இருக்கும் நிணநீர் முடிச்சுகள். எல்லாம் ஒரே துண்டாக வெளியே. ராடிகல் மாஸ்டெக்டமி என்று அதற்குப் பெயர். லத்தீனில் ராடிக்ஸ் என்றால் வேர். 1894-ல், தாம் செய்த ஐம்பது ஆபரேஷன்களின் கணக்கை வெளியிட்டார். அதே இடத்தில் புற்று திரும்ப வந்தது மூன்றே பேருக்கு. ஆறு சதவிகிதம்!

உலகம் எழுந்து நின்று கைதட்டியது. அடுத்த எண்பது வருஷத்துக்கு மார்பகப் புற்று என்றால் இந்த ஆபரேஷன்தான். சிஷ்யர்கள் இன்னும் ஒருபடி மேலே போனார்கள். கழுத்துப் பக்கம் கொஞ்சம், நெஞ்செலும்புக்குப் பின்னால் கொஞ்சம், விலா எலும்பு கொஞ்சம் என்று எல்லை விரிந்துகொண்டே போனது.

அந்தப் பெண்களுக்கு என்ன ஆனது? நெஞ்சில் குழி விழுந்தது. தோலுக்கு அடியில் விலா எலும்பு தெரிந்தது. தசை போனதால் தோள் இறுகியது. அக்குளை முழுக்கச் சுரண்டியதால் கை வீங்கியது. ஏன் வீங்குகிறது? கையிலிருந்து வடிந்து வரும் நிணநீருக்கு அக்குள்தான் மதகு. மதகை இடித்துவிட்டால் வாய்க்கால் நீர் வயலிலேயே தேங்கும் இல்லையா? அதே கதைதான். நம் வீடுகளில் வழிவழியாகச் சொல்லப்படும் பெரியம்மா கதைகளின் மூலம் இதுதான்.

சரி, உயிர் பிழைத்தால் போதாதா என்று கேட்கலாம். கேட்கவேண்டிய கேள்வியே அதுதான். அதே இடத்தில் திரும்ப வரவில்லை என்று ஹால்ஸ்டெட் காட்டினார். ஆனால், சின்ன ஆபரேஷன் செய்துகொண்டவர்களைவிட இவர்கள் அதிக நாள் வாழ்ந்தார்களா? இரண்டும் ஒன்று மாதிரித் தோன்றும். ஒன்றில்லை. இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்க எண்பது வருஷமாக யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியவர்களையும் பேசவிடவில்லை.

*

பேசியவர்களில் ஒருவர் பெயர் கீன்ஸ். பி.காம். படித்த என்னைப் போன்றவர்களுக்குக் கீன்ஸ் என்றால் பொருளாதார மேதை ஜான் மேனார்ட் கீன்ஸ் மட்டும்தான். அவருடைய தம்பி ஜெஃப்ரி கீன்ஸ் லண்டனில் சர்ஜன். 1920-களில் இவர் மார்பகத்தை அப்படியே எடுக்காமல், ரேடியம் ஊசிகளைச் செருகி வைத்தியம் பார்த்தார். பிறகு கட்டியை மட்டும் எடுத்துவிட்டு ரேடியம் வைத்தார். பெரிய ஆபரேஷனுக்கு நிகரான பலன் கிடைத்தது. சக டாக்டர்கள் சிரித்தார்கள். இரண்டாம் உலகப் போர் வந்தது. கீன்ஸ் கட்டிய கோட்டை கலைந்தது.

1948-ல் லண்டனில் பேட்டி என்கிற சர்ஜன், நெஞ்சின் பெரிய தசையை விட்டுவைத்துச் செய்தாலும் பலன் ஒன்றுதான் என்று எழுதினார். அதே வருஷம் எடின்பரோவில் மெக்விர்ட்டர் என்பவர், மார்பகத்தை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு கொடுத்தால் போதும் என்றார். ம்ஹூம். அமெரிக்கா அசையவில்லை.

அசைத்தவர் பெர்னார்ட் ஃபிஷர். பிட்ஸ்பர்க் நகரத்து சர்ஜன். சோதனைச்சாலையில் எலிகளை வைத்துப் புற்றுச் செல்கள் எப்படிப் பயணம் போகின்றன என்று பார்த்துக்கொண்டிருந்தவர். அவருக்கு ஹால்ஸ்டெட்டின் வேர்க் கதையில் நம்பிக்கை போய்விட்டது. புற்று வரிசையில் நின்று, பக்கத்து வீடு, அடுத்த வீடு என்று பரவுவதில்லை. ரத்தத்தில் ஏறி, ஆரம்பத்திலேயே எங்கே வேண்டுமானாலும் போய்விடக்கூடும்.

எருக்கஞ்செடியைப் பார்த்திருப்பீர்கள். காய் வெடித்தால் பஞ்சு பறக்கும். பஞ்சு பறந்துவிட்டது என்றால், செடியைச் சுற்றி எத்தனை அடி தோண்டினால் என்ன? பறக்கவில்லை என்றால், செடியை மட்டும் பிடுங்கினால் போதுமே, நிலத்தையே ஏன் தோண்டவேண்டும்? ஆக, இரண்டு விதத்திலும் பெரிய பள்ளம் வேலைக்கு ஆகாது. ஃபிஷர் சொன்னதன் சாரம் இதுதான்.

சொன்னால் போதாது, நிரூபிக்கவேண்டும். எப்படி? டாஸ் போட்டு! 1971-ல் அமெரிக்காவிலும் கனடாவிலுமாகத் தொடங்கினார். நோயாளிப் பெண்களை, அவர்களுடைய சம்மதத்தோடு, குலுக்கல் முறையில் பிரித்தார்கள். சிலருக்கு ஹால்ஸ்டெட் ஆபரேஷன். சிலருக்குத் தசையைத் தொடாமல் மார்பகத்தை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு. இன்னும் சிலருக்கு மார்பகம் மட்டும். மொத்தம் 1,600-க்கும் மேற்பட்டவர்கள். சர்ஜன்கள் கொதித்தார்கள். சிகிச்சையைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானிப்பதா?

சீட்டு சொன்ன தீர்ப்பு தெளிவாக இருந்தது. பிழைத்திருப்பதில் மூன்று கோஷ்டிக்கும் வித்தியாசமே இல்லை. 25 வருஷம் பின்தொடர்ந்து 2002-ல் வெளியிட்ட கணக்கிலும் இல்லை. அதாவது, எண்பது வருஷமாக எடுத்த அத்தனை நெஞ்சுத் தசையும் வீண்.

அடுத்த படிக்குப் போனார். மார்பகத்தையே எடுக்காமல், கட்டியை மட்டும் எடுத்துவிட்டுக் கதிர்வீச்சு கொடுத்தால்? 1976-ல் ஃபிஷர் ஆரம்பித்தார். இத்தாலியின் மிலான் நகரத்தில் உம்பெர்டோ வெரோனேசி 1973-லேயே ஆரம்பித்திருந்தார். இரண்டு பேருக்கும் கிடைத்த விடை ஒன்றுதான். ஆரம்ப நிலையில் வந்தவர்களுக்கு, மார்பகத்தை எடுத்தாலும் காப்பாற்றினாலும் ஆயுள் ஒன்றுதான்.

இதற்கு நடுவே நோயாளிகளும் பேச ஆரம்பித்தார்கள். 1974 செப்டம்பரில் அமெரிக்க ஜனாதிபதியின் மனைவி பெட்டி ஃபோர்டுக்கு ராடிகல் மாஸ்டெக்டமி நடந்தது. அதை மறைக்காமல் ஊருக்கே சொன்னார். மார்பகம் என்ற சொல்லையே பத்திரிகைகள் கூச்சத்தோடு அச்சிட்ட காலம் அது. ஆயிரக்கணக்கான பெண்கள் பரிசோதனைக்குக் கிளம்பினார்கள். அந்த நாளில் இன்னொரு கொடுமை உண்டு. கட்டி புற்றா இல்லையா என்று பார்ப்பதும் மார்பகத்தை எடுப்பதும் ஒரே மயக்கத்தில் நடக்கும். கண் விழித்துத் தொட்டுப் பார்த்தால்தான் விஷயமே தெரியும். இந்த வழக்கத்தை எதிர்த்து நின்றார் ரோஸ் குஷ்னர் என்கிற பத்திரிகையாளர். அவரும் நோயாளிதான். 1979-ல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்கள் கூட்டிய நிபுணர் குழு, பரிசோதனையும் ஆபரேஷனும் தனித்தனியாகவே நடக்கவேண்டும் என்று சொன்னது. முதலில் ஊசி குத்தி ஒரு துணுக்கு எடுத்து டெஸ்ட், ரிசல்ட், பேச்சு, பிறகு ஆபரேஷன். இன்று உங்களுக்கு இந்த வரிசை கிடைக்கிறது என்றால், அதை வாங்கிக் கொடுத்ததில் குஷ்னர் போன்றவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

*

நம் ஊருக்கு வருவோம்.

1920-களில் சென்னையில் ஒரு பெண் டாக்டரின் தங்கை குடல் புற்றுநோயில் இறந்தார். முத்துலட்சுமி ரெட்டிதான் அந்த அக்கா. சட்டமன்றத்தில் தேவதாசி முறையை எதிர்த்து நின்ற அதே முத்துலட்சுமி. தங்கை பட்ட அவஸ்தையை அவரால் மறக்க முடியவில்லை. புற்றுநோய்க்கென்று தனி ஆஸ்பத்திரி வேண்டும் என்று கேட்டார். புற்றுநோய் என்றாலே சாவு, அதற்கு எதற்கு ஒரு ஆஸ்பத்திரி என்பதுதான் அன்றைய பொதுப்புத்தி. இந்திய மாதர் சங்கத்தின் மூலம் நிதி திரட்டினார். 1952 அக்டோபரில் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18-ல் அடையாற்றில் 12 படுக்கைகளோடு கேன்சர் இன்ஸ்டிட்யூட் திறந்தது.

முத்துலட்சுமியின் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி. 1955 ஏப்ரலில் அவரோடு வந்து சேர்ந்தவர் டாக்டர் சாந்தா. எழும்பூர் அரசு ஆஸ்பத்திரியில் நல்ல வேலை காத்திருந்தது. வேண்டாம் என்றுவிட்டு வந்தார். 2021 ஜனவரியில் இறக்கும்வரை அந்த வளாகமே அவருக்கு வீடு.

அடையாறு சந்தித்த பிரச்னை பிட்ஸ்பர்க் பிரச்னை இல்லை. அங்கே சின்னக் கட்டியோடு வந்தார்கள். இங்கே கட்டி பெரிதாகி, தோலைப் பிடித்து, சில சமயம் புண்ணாகிய பிறகு வந்தார்கள். நேராகக் கத்தியை எடுத்தால் உபயோகமில்லை. எனவே மருந்தும் கதிர்வீச்சும் முதலில் கொடுத்துக் கட்டியைச் சுருக்கிவிட்டு, அதற்குப் பிறகு ஆபரேஷன் என்ற வரிசையை அங்கே வளர்த்தெடுத்தார்கள். அப்படிச் சிகிச்சை பெற்ற ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களின் விவரத்தைச் சாந்தாவும் சகாக்களும் 2008-ல் சர்வதேச மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். இன்றைக்கும் ஒரு டாக்டர், முதலில் கீமோ, ஆபரேஷன் பிறகு என்று சொன்னால், இழுத்தடிக்கிறார்கள் என்று பதற வேண்டாம். கத்திக்கு வேலையைக் குறைக்கிறார்கள்.

மும்பை டாடா மெமோரியல் ஆஸ்பத்திரியின் பங்கையும் சொல்லவேண்டும். ஆபரேஷனுக்குச் சற்று முன்னால் கட்டியைச் சுற்றி லிக்னோகைன் ஊசி போட்டால் என்ன ஆகும்? ஆமாம், பல் பிடுங்கும்போது மரத்துப்போகப் போடும் அதே மருந்து. 11 இந்திய ஆஸ்பத்திரிகளில் சுமார் 1,600 பெண்களிடம் டாக்டர் ராஜேந்திர பட்வே குழு சோதித்துப் பார்த்து 2023-ல் முடிவை வெளியிட்டது. ஆறு வருஷம் கழித்து, ஊசி போடாதவர்களில் 86.4 சதவிகிதம் பேர் உயிரோடு இருந்தார்கள். போட்டவர்களில் 90.1. விலை நூறு ரூபாய்க்குள்! எருக்கம்பஞ்சு பறப்பதைக் கொஞ்சம் தடுத்திருக்கிறது என்பது அவர்கள் கணிப்பு.

*

சரி. இன்று ஒருவருக்கு மாஸ்டெக்டமி என்று முடிவானால் என்ன நடக்கும்?

எல்லோருக்கும் தேவைப்படாது என்பதை முதலில் மனத்தில் வாங்குங்கள். கட்டி சிறியது என்றால் கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு கொடுக்கலாம். பெரியது, பல இடத்தில் இருக்கிறது, கதிர்வீச்சு கொடுக்க முடியாது, அல்லது நோயாளியே முழுக்க எடுத்துவிடச் சொல்கிறார் என்றால் மாஸ்டெக்டமி. முழு மயக்கத்தில், பொதுவாக இரண்டு, மூன்று மணி நேரம். மார்பகத்தை எடுப்பார்கள். நெஞ்சுத் தசை அப்படியே இருக்கும். தோள் ஆடும்.

அக்குள்? கையின் தலையெழுத்து இருப்பது இங்கேதான். 1990-களில் ஒரு புது யோசனை வந்தது. மார்பகத்திலிருந்து வடியும் நிணநீர் முதலில் போய்ச் சேரும் ஒன்றிரண்டு முடிச்சுகளை மட்டும் சாயம் போட்டுக் கண்டுபிடித்து எடுத்துப் பார்ப்பது. வாசல் காவல்காரனை விசாரிப்பது மாதிரி. அவனிடம் புற்று இல்லை என்றால் உள்ளே போகவேண்டியதில்லை. மதகு தப்பித்தது. அக்குளை முழுக்கச் சுத்தம் செய்தால் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குக் கை வீக்கம் வருகிறது. காவல்காரனை மட்டும் விசாரித்தால் நூற்றில் ஐந்து, ஆறு பேருக்குத்தான். ஆனால் இந்தச் சலுகை சீக்கிரம் வருகிறவர்களுக்கு. அக்குளில் ஏற்கெனவே நெறிக்கட்டு தெரிகிற நிலையில் வந்தால் பெரும்பாலும் முழுச் சுத்தம்தான்.

சில நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பக்கவாட்டில் ஒரு டியூபும் பையும் தொங்கும். காயத்தில் ஊறும் நீர் அதில் இறங்கும். தினமும் எவ்வளவு என்று அளந்து எழுதவேண்டும். அளவு குறைந்ததும் எடுத்துவிடுவார்கள். ஒரு வாரம், இரண்டு வாரம். கைக்குப் பயிற்சி மறுநாளே ஆரம்பம். விரல் மடக்கி நீட்டுவது, முழங்கையை மடக்குவது. டியூப் எடுத்த பிறகு சுவரில் விரலால் பல்லி மாதிரி ஏறுவது, தினமும் ஒரு அங்குலம் கூடுதலாக. கையை அசைத்தால் தையல் பிரியும் என்று மாமியார் சொல்வார். கேட்காதீர்கள். டாக்டரும் பிசியோதெரபிஸ்ட்டும் சொன்ன அளவுக்கு அசைக்காவிட்டால்தான் தோள் இறுகும். கனம் தூக்குவது மட்டும் ஒரு மாதம், ஒன்றரை மாதம் கூடாது. தண்ணீர்க் குடத்தை வேறு யாராவது தூக்கட்டும்.

மேல்கையின் உள்பக்கம் மரத்துப்போன மாதிரி இருக்கும். எடுத்த மார்பகம் இன்னும் இருப்பதாகவே சில சமயம் தோன்றும். இரண்டும் சகஜம். அந்தக் கையில் வெட்டு, சூடு படாமல் பார்த்துக்கொள்ளவேண்டும். வளையல் திடீரென்று இறுக்குகிறது என்றால் உடனே காட்டவேண்டும். வீக்கத்தை ஆரம்பத்திலேயே பிடித்தால் கட்டுப்படுத்தலாம். கண்ணாடி முன் நிற்கத் தயக்கமாக இருக்கும். அழுகை வரும். வரட்டும். ரவிக்கைக்குள் வைத்துக்கொள்ளப் பஞ்சிலும் சிலிகானிலும் செயற்கை மார்பகம் கிடைக்கிறது. வயிற்றுத் தசையையோ முதுகுத் தசையையோ வைத்துப் புதிதாகவே அமைக்கும் சர்ஜரியும் உண்டு. உடனே செய்துகொள்ளலாம், வருஷம் கழித்தும் செய்துகொள்ளலாம். வேண்டாம் என்றும் இருக்கலாம்.

ஆபரேஷனோடு கதை முடியாது. கீமோ, கதிர்வீச்சு, சிலருக்கு ஐந்து வருஷம், பத்து வருஷம் தினமும் ஒரு மாத்திரை. பறந்துபோன பஞ்சைத் தேடிப் பிடிப்பது இவைதான். இவை அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டதால்தான் கத்தி சுருங்க முடிந்தது. நன்றாக இருக்கிறது என்று பாதியில் விட்டுவிடாதீர்கள்.

*

கடைசியாகக் காசு விஷயம். வல்லம் வடகால் விடுதியில் இருக்கும் ஒரு பெண்ணின் மாதச் சம்பளம் 15,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதில் இ.எஸ்.ஐ. என்று முக்கால் சதவிகிதம் பிடிக்கிறார்கள். 112 ரூபாய் 50 பைசா. முதலாளி தன் பங்காக மூன்றேகால் சதவிகிதம், 487 ரூபாய் 50 பைசா போடுகிறார். ஆகமொத்தம் 600. இந்தத் திட்டத்தை 1952 பிப்ரவரியில் கான்பூரில் தொடங்கிவைத்தவரும் நேருதான். அடையாற்றில் கல் நாட்டிய அதே வருஷம்.

அந்த 600 ரூபாய்க்குள் என்ன இருக்கிறது என்று பலருக்குத் தெரியாது. தொழிலாளிக்குப் புற்றுநோய் வந்தால் சிகிச்சை மட்டுமில்லை. தகுதியான அளவு சந்தா கட்டியிருந்தால், சராசரி தினச் சம்பளத்தில் 80 சதவிகிதம், இரண்டு வருஷம் வரைக்கும் கிடைக்கும். அவரை நம்பியிருக்கும் அப்பா அம்மாவுக்கும், வருமான வரம்புக்கு உட்பட்டு, சிகிச்சை உண்டு. மகளின் கார்டில் அம்மாவின் பெயர் இருக்கிறதா என்று இந்த வாரம் பார்த்துவிடுங்கள். இ.எஸ்.ஐ. இல்லாத குடும்பத்துக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து முப்பது சொச்சம் கிலோமீட்டரில், காஞ்சிபுரம் காரப்பேட்டையில், அண்ணா பெயரில் அரசுப் புற்றுநோய் ஆஸ்பத்திரி இருக்கிறது. புற்றுநோயில் 1969-ல் இறந்த அண்ணாவின் சொந்த ஊர்.

அங்கே போகுமுன் ஒரு சின்ன வேலை. 1998-லிருந்து மும்பையில் ஒன்றரை லட்சம் பெண்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். அதில் பாதிப் பேரைப் பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கையால் தடவிப் பார்த்தார்கள். மெஷின் கிடையாது. வெறும் கை. 2021-ல் முடிவு வந்தது. புற்று முன்கூட்டியே பிடிபட்டது. ஐம்பது வயதைத் தாண்டியவர்களில், இந்த நோயால் ஏற்பட்ட சாவு ஏறக்குறைய 30 சதவிகிதம் குறைந்தது.

பெரும்பாலான கட்டிகள் புற்றாக இருப்பதில்லை. ஆனால் வலிக்காத கட்டி, தோலில் புதிதாக விழுந்த குழி, உள்ளே இழுத்துக்கொண்ட காம்பு, அதில் ரத்தக் கசிவு, ஆரஞ்சுத் தோல் மாதிரி தடித்த சருமம், அக்குளில் நெறிக்கட்டு. இதில் எது இருந்தாலும் டாக்டர் கையால் பார்க்கவேண்டும். பொங்கலுக்குப் பிறகு வேண்டாம். இந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் பேசும்போது, சாப்பிட்டாயா என்று கேட்ட பிறகு, இதையும் அம்மாவிடம் கேட்டுவிடுங்கள்.